அண்ணியின் முழம்

என் வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் கதவாக இருப்பது ஒரு தோணியின் விலாப் பலகை. இரண்டு பலகை சேர்ந்த துண்டு அது. மேலே தோணியின் விளிம்புக் கட்டை அப்படியே இருக்கிறது. கீழே, துருப்பிடித்த ஆணிகளுக்குப் பக்கத்தில், குறுக்காக ஒரு வெட்டு. ஒரு சாண் நீளம் இருக்கும். உளியால் வெட்டியது, அதுவும் உளி பிடித்துப் பழகாத கை வெட்டியது என்று பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைகிற ஆழம், மறுபக்கம் மேல்தோல் மட்டும் போயிருக்கிறது. போன மாதம் பழைய மரம் வாங்குகிற ஒருவர் வந்தார். இந்த மாதிரித் தோணி மரங்களை ஓட்டல் சுவர்களில் மாட்டி அழகு பார்க்கிறார்களாம். பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மரம் தங்கமா இருக்கும்மா. இந்தத் தழும்பு ஒண்ணுதான் அசிங்கமா இருக்கு. இழைச்சு விட்டுட்டா ஆளுக்குத் தெரியாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தால் அந்த மனிதரை என்னென்ன சொல்லியிருப்பேனோ, "அப்புறம் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

கட்டுமாவடி என்றால் இன்றைக்கு எல்லாருக்கும் மீன்தான் நினைவுக்கு வரும். விடிந்தால் ஏலம், ஐஸ் பெட்டி, வேன். நான் சொல்கிற காலத்தில் அது சரக்குத் துறை. புதுக்கோட்டை மாவட்டம் என்ற பேச்சே அப்போது கிடையாது. புதுக்கோட்டை தனி ராஜ்யம். நாங்கள் தஞ்சாவூர் ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. ராஜா சீமைக்குக் கடல் இல்லாததால் அங்கே விளைந்த கடலையும் மிளகாயும் பாரவண்டி ஏறி எங்கள் கரைக்குத்தான் வரும். இங்கிருந்து அக்கரைக்குப் போகும். அக்கரை என்றால் எங்களுக்கு யாழ்ப்பாணம். திரும்பி வருகையில் கொப்பரை, கூரைக்குப் பனங்கை, கயிறு. கப்பல் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் கடல் கரையிலிருந்து வெகுதூரத்துக்கு இடுப்பளவு ஆழம்தான், காலை வைத்தால் சேறு. நீராவிக் கப்பல் எட்டிக்கூடப் பார்க்காது. பாய் விரித்துப் போகிற தோணிகள்தான், அவையும் ஆழம் தேடி எட்டத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டையைத் தலையில் சுமந்து தண்ணீருக்குள் நடந்து, வத்தை என்கிற தட்டைப் படகில் ஏற்றி, அதைத் தள்ளிக்கொண்டுபோய்த் தோணியில் சேர்க்க வேண்டும். கரையில் ஓடு போட்ட சுங்கச் சாவடி ஒன்று. அதில் ஒரு குமாஸ்தா, ஒரு சேவகன், ஒரு கொடிக்கம்பம். சர்க்கார் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

எனக்கு அந்தத் துறையில் சாக்கில் குறி எழுதுகிற வேலை. எந்த மூட்டை எந்தக் கடைக்குப் போகிறதென்று தெரிய, கரியும் எண்ணெயும் குழைத்த மையைத் தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகையில் தொட்டு, ஒவ்வொரு சாக்கிலும் அந்தந்தக் கடைக்காரரின் எழுத்தைப் போட வேண்டும். பள்ளிக்கூடம் பக்கம் நான் போனதில்லை. சாக்குதான் எனக்குச் சிலேட்டு. என் அண்ணன் எங்கள் துறையில் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிற தலைவன். தோணி அவனுடையதல்ல, முதலாளியுடையது. அண்ணன் ஓட்டிய தோணியும், கரையில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியும், நான் பிடித்த தூரிகையும் எல்லாம் அவருடையவைதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நோய் நொடி என்றால் வண்டி கட்டி அனுப்புவார். ஆனால் அவர் கால் கடல் தண்ணீரில் நனைந்து நான் பார்த்ததில்லை. வத்தையில் ஏறவும் ஆள் தோளில் உட்கார்ந்துதான் போவார்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. முழம் போடுதல் என்று பெயர். சரக்கு ஏற்றி முடித்ததும் தண்டலின் பெண்சாதி வத்தையில் தோணிக்குப் போவாள். தோணியின் விலாவை ஒட்டி, முழங்கையைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக் கையை நிமிர்த்துவாள். விரல் நுனி தோணியின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோணி அதிகமாக அமிழ்ந்திருக்கிறது, பாரம் கூடுதல் என்று அர்த்தம். சரியாக இருந்தால் மஞ்சளில் கையை முக்கிப் பலகையில் பதிப்பாள். அந்த மஞ்சள் கை விழாமல் ஆட்கள் பாயை அவிழ்க்க மாட்டார்கள். எந்தக் காலத்தில் யார் ஏற்படுத்தியதோ, புத்திசாலிகள்தான். தோணி போனால் யாருடைய தாலி போகுமோ அவளுடைய கையையே அளவாக வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்த நாளில் அது வெறும் சடங்காகியிருந்தது. முழங்கையைச் சும்மா ஒரு பக்கம் தொட்டுவிட்டு, மஞ்சளைப் பதித்து, முதலாளி கொடுக்கிற தேங்காயையும் ரவிக்கைத் துணியையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். விரல் எங்கே நிற்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில்தான் அண்ணி வந்து சேர்ந்தாள். குளத்தூர்ப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பா பாரவண்டியில் கடலை மூட்டை கொண்டுவருகிறவர், அந்தப் பழக்கத்தில் ஏற்பட்ட சம்பந்தம். கல்யாணமாகி வந்த அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கடலைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணியும் சும்மாவா கெடக்கு?" என்று கேட்டாளே, சாக்குத் தைக்கிற பெண்களெல்லாம் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். ஆள் நல்ல உயரம், கை முழங்காலைத் தொடுகிற நீளம். நான் குள்ளம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள், ஆனால் பக்கத்தில் நின்றால் நான் அவள் பிள்ளை போல இருப்பேன். "ஒன் கைய வளக்க உரம் போடணும் தாயி" என்பாள். ஒருநாள் விளையாட்டாக முழங்கை ஒட்டி அளந்து பார்த்தோம். என் முழம் அவள் முழத்துக்கு நாலு விரல் அகலம் கட்டை.

அவளுக்கு முழம் போடுகிற வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். முழங்கையைத் தண்ணீரில் வை, விரல் விளிம்பைத் தாண்டக் கூடாது, தாண்டாவிட்டால் மஞ்சள் போடு என்று, நான் கேள்விப்பட்டபடியே சொன்னேன். எல்லாரும் சும்மா தொட்டுவிட்டு வருவார்கள் என்பதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கடற்கரையில் பிறந்தவர்களுக்கு. வெளியூர்க்காரிக்கு எப்படித் தெரியும்? அவள் அதை நிஜ அளவு என்றே எடுத்துக்கொண்டாள். முதல் தடவை போனபோது தோணியின் இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், நாலு இடத்தில் முழம் வைத்துப் பார்த்தாள். தோணி ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணனுக்கு வெட்கம். அந்தத் தடவை பாரம் சரியாக இருந்ததால் பேச்சு அதோடு போயிற்று.

சாக்குத் தைக்கிற இடத்தில் வெள்ளைச் சேலை கட்டிய அக்கா ஒருத்தி இருந்தாள். அவளும் தண்டல் பெண்சாதிதான். அதற்கு முந்தின வருஷம் அவள் புருஷன் போன தோணி அக்கரை சேரவில்லை. மறு நாள் இல்லை, மறு வாரம் இல்லை, ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை. அதிகம் பேசமாட்டாள். கோணி ஊசியும் சணலுமாகக் குனிந்த தலை நிமிராமல் தைப்பாள். அண்ணி மட்டும் அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். ஒருநாள் அண்ணி வெகுளியாகக் கேட்டுவிட்டாள், "அன்னைக்கு நீங்க முழம் போட்டப்ப வெரலு எங்கிட்டு நின்னுச்சுக்கா?" அக்கா ஊசியை நிறுத்தினாள். "நான் முழம் போடலை ஆத்தா. மஞ்சள் மட்டும்தான் போட்டேன். ரவிக்கைத் துணி என்ன கலருன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு தைக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணி அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம். பெரிய கப்பல்களெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதாகப் பேச்சு. அவற்றில் போக வேண்டிய சரக்கெல்லாம் எங்களைப் போன்ற சின்னத் துறைகளுக்கு வந்து குவிந்தது. கிட்டங்கி நிறைந்து, பனையோலையைப் போட்டு மூடி, வெளியிலும் மூட்டை அடுக்கியிருந்தார்கள். புரட்டாசி முடியப் போகிறது. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்று எழும்பும், தோணிகளைக் கரையேற்றிவிட வேண்டும், தை வரைக்கும் பயணம் இல்லை. முதலாளிக்கு ஒரே பயணம்தான் பாக்கி. அதற்குள் எவ்வளவு அனுப்ப முடியுமோ அவ்வளவையும் அனுப்பிவிட வேண்டும். ஏற்றினார்கள், ஏற்றினார்கள், ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். குறி எழுதி எழுதி என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடலை, மிளகாய், அதற்குமேல் வைக்கோல் சுற்றிய மண்பானைகள். கரையிலிருந்து பார்க்கும்போதே தோணி சப்பென்று தண்ணீரோடு படுத்துக் கிடந்தது.

பயணத்தன்று காலை நானும் அண்ணியும் வத்தையில் போனோம். மஞ்சள் கிண்ணம் என் மடியில். கடல் அசையாமல் கிடந்தது, அளப்பதற்குத் தோதான தண்ணீர். அண்ணி தோணியை ஒட்டிக் குனிந்து முழங்கையை வைத்தாள், கையை நிமிர்த்தினாள். அவளுடைய விரல் நுனி விளிம்புக்கு மேலே மூன்று விரல் அகலம் துருத்திக்கொண்டு நின்றது. நானும் பார்த்தேன், தோணி மேல் நின்ற ஐந்து ஆட்களும் பார்த்தார்கள். அவள் பின்பக்கம் போய் வைத்துப் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான். நிமிர்ந்து, "பத்தலை. எறக்குங்க" என்றாள். ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் மேலிருந்து, "ஏய், மஞ்சளைப் போட்டுட்டுக் கெளம்பு. காத்து விழுந்துரப் போவுது" என்றான். "விரலு வெளிய நிக்குதுங்க. நீங்களே எறங்கி வந்து பாருங்க" என்றாள். அண்ணன் வரவில்லை. அவனுக்குத் தெரியும். தெரியாமலா தண்டலாக இருந்தான்? பாரம் கூடுதல் என்று முதலாளியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆண்பிள்ளை, பயந்தவன் என்று பெயர் வந்துவிடுமே.

கொஞ்ச நேரத்தில் முதலாளியே வத்தையில் வந்தார், குடை பிடித்துக்கொண்டு. முதலில் தன்மையாகத்தான் பேசினார். விளிம்பைச் சுற்றி ஓலைத் தட்டி கட்டி உயர்த்திக்கொள்ளலாம், எப்போதும் செய்வதுதானே என்றார். "ஓலை தண்ணியத் தடுக்குமாங்க?" என்றாள் அண்ணி. அவருக்கு முகம் மாறியது. சுங்கச் சாவடியில் பாஸ் வாங்கியாகிவிட்டது, சர்க்காரே போகலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்த பிறகு குறுக்கே நிற்க இவள் யார் என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பதில் அண்ணியிடமிருந்து வந்தது. "பாஸ் குடுத்தவரு தோணியில வாராருங்களா? அவரு ஏறி ஒக்காரட்டும், நான் வாய மூடிக்கிறேன். எங்கப்பாரு வண்டியில பாரம் கூடுனா அச்சு முறியும். வண்டி ரோட்டுல நிக்கும். இது எங்கிட்டுங்க நிக்கும்?" தோணி ஆட்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினான். இன்னொருவன் விளிம்புக்கு வந்து தண்ணீரை எட்டிப் பார்த்தான்.

முதலாளி சாதாரண ஆளில்லை. கண் என் பக்கம் திரும்பியது. "தண்டலுக்குத் தங்கச்சி இருக்குல்ல? அதுவும் தண்டல் வீட்டுப் பொண்ணுதான். கையும் அளவா இருக்கு. ஏ புள்ள, நீ போடு" என்றார். என் கை கட்டை என்று துறை முழுக்கத் தெரியும். அண்ணியின் விரல் நுனி மூன்று விரல் அகலம் வெளியே நிற்கிறது, என் முழம் அவளுக்கு நாலு விரல் குறைவு. நான் வைத்தால் விளிம்புக்குள் அடங்கிவிடும். வழக்கமும் கெடாது, சரக்கும் போகும், அண்ணன் மானமும் தப்பும். அண்ணனே சொன்னான், "போடு தாயி, நேரமாவுது." நான் பயந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மாட்டேன் என்றால் தூரிகை போய்விடும், அண்ணன் தோணி போய்விடும், வீட்டில் உலை வைக்க ஒன்றும் இருக்காது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் எழுந்தும்விட்டேன்.

அண்ணி என்னைத் தடுக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. "போடுறதுன்னா போடு தாயி. ஆனா ஒண்ணு. ஒன் கைதான் அளவுன்னா, ஒன் அண்ணன் வரலைன்னு கேக்குறவுகளுக்கு நீதான் பதில் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள். எனக்கு வெள்ளைச் சேலை அக்காவின் குனிந்த தலைதான் கண்ணில் நின்றது. கிண்ணத்தை அப்படியே கடலில் கவிழ்த்துவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். கை தானாகக் கவிழ்த்தது. வத்தையைச் சுற்றி மஞ்சளாகப் பரவி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிற்று. முதலாளி, "ரெண்டும் பேயி!" என்று கத்தினார். நானும் கத்தினேன், "ஆமா, பேய்தான், போங்க!" அவரிடம் அப்படிப் பேசியது நான்தானா என்று இன்றைக்கும் சந்தேகமாக இருக்கிறது.

மஞ்சள் இல்லை. ஆட்கள் பாயைத் தொடவில்லை. ஐந்து பேரும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் ஏறியது. முதலாளி மிரட்டினார், கெஞ்சினார், வேறு ஆள் கொண்டுவருவேன் என்றார். வேறு ஆள் எங்கே இருக்கிறது? எல்லாத் தோணியும் போயாகிவிட்டது. உச்சி வெயிலுக்குக் குடையை மடக்கிவிட்டு, "எறக்கித் தொலைங்க" என்றார். மூன்று வத்தை நிறைய மூட்டை இறங்கியது. ஒவ்வொரு வத்தை போன பிறகும் அண்ணி முழங்கையை வைத்துப் பார்த்தாள். மூன்றாவது போனதும் விரல் நுனி விளிம்போடு நின்றது. "இப்பச் சரி" என்றாள். எல்லாரும் முடிந்தது என்று மூச்சு விட்டார்கள். அவளுக்கு இன்னும் முடிந்தபாடில்லை. தோணியில் ஓட்டை ஒழுகல் அடைக்க வந்திருந்த ஓடாவி, அதுதான் தோணி செய்கிற தச்சர், மேலே நின்றுகொண்டிருந்தார். அவரிடம் உளியையும் கொட்டாப்புளியையும் கேட்டு வாங்கினாள். எதற்கு என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், முழங்கை பட்ட இடத்தில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"என் தோணிய மூளியாக்குறியா!" என்று முதலாளி அலறினார். அண்ணி திரும்பிப் பார்க்காமல், "தோணி ஒங்களுதுதாங்க. அதுல போற உசுரு எங்களுது" என்று சொல்லிவிட்டு அடுத்த அடி வைத்தாள். வத்தை ஆடியது. நான் தோணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பழகாத கை, ஓர் அடி கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்துவிட்டது. நிறுத்தவில்லை. ஒரு சாண் வெட்டிவிட்டுத்தான் உளியைக் கொடுத்தாள். தோணி ஆட்களைப் பார்த்து, "இனிமே என் கைய எதிர்பாக்க வேண்டாம். இந்த வெட்டு தண்ணிக்குள்ள போச்சுன்னா ஏறாதீக" என்றாள். மஞ்சளுக்குப் பதிலாக அவள் கட்டைவிரல் ரத்தம்தான் அன்றைக்குப் பலகையில் பதிந்தது. பாய் விரிந்தது.

இப்போது கேட்பவர்கள் எல்லாரும், புயல் வந்ததா, அண்ணி சொன்னபடி ஆயிற்றா என்று கேட்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. கடல் போகவும் வரவும் குளம் மாதிரிக் கிடந்ததாம். அண்ணன் அக்கரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டுச் சுகமாக வந்து சேர்ந்தான். ஊர் முழுக்கக் கேலி. முதலாளி கிட்டங்கி வாசலில் நின்று, "எறக்குன மூட்டையெல்லாம் தூங்கிக்கிட்டே அக்கரை போயிருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். தோணியை அண்ணனிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். என் தூரிகையும் போயிற்று. அண்ணன் ஒரு மாதம் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் வெடித்துவிட்டான். "நான் கடல்ல பொறந்தவன். எனக்கு நீ அளவு சொல்றியா?" அண்ணி அடுப்பை ஊதிக்கொண்டே, "நீங்க கடலைப் பாத்துப் போறீங்க. நான் வாசலைப் பாத்து நிக்கிறேன். என் பக்கத்து அளவைத்தான் சொன்னேன்" என்றாள். கடல் சும்மாக் கிடந்ததே என்றதற்கு, "கெடந்துச்சு. அது அதோட நல்ல மனசு. அதுக்காக நான் தப்பா அளந்தேன்னு ஆயிருமா?" என்றாள்.

அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை நாங்கள் எப்படித் தள்ளினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அண்ணன் பிறத்தியாரின் வலை இழுத்தான். நானும் அண்ணியும் சேற்றில் நண்டு தேடினோம், மழை விட்ட நாளில் மேற்கே நாற்று நடப் போனோம். கேழ்வரகுக் கூழ்தான் மூன்று வேளையும், அதுவும் சில நாளில் இரண்டு வேளை. ஒரு தடவைகூட அண்ணி, ஐயோ தெரியாமல் செய்துவிட்டேனே என்று சொல்லவில்லை. எனக்குத்தான் பசி தாங்காமல் ஒருநாள் வாய் தவறிவிட்டது. "அன்னைக்கு நான் மஞ்சளைப் போட்டிருந்தா என்னதான் ஆயிருக்கும்" என்றேன். அவள் தன் கிண்ணத்துக் கூழை என் கிண்ணத்தில் ஊற்றினாள். "ஒண்ணும் ஆயிருக்காது. அடுத்த தடவை இன்னும் நாலு மூட்டை ஏத்தியிருப்பாக" என்றாள்.

கரையேற்றிப் போட்டிருந்த தோணியின் வெட்டை முதலாளி கீல் என்கிற தாரைக் காய்ச்சி ஊற்றி அடைக்கச் செய்தார். ஓடாவி அடைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வெட்டு சுத்தமாக இருக்கிறது, உள்ளே ஒரு துளி கீல் இல்லை. மறுபடி அடைத்தார்கள், மறுபடி யாரோ நோண்டி எடுத்துவிட்டார்கள். யார், யார் என்று துறை முழுக்க விசாரணை. நான் மட்டும் சாக்குத் தைக்கிற இடத்துப் பக்கமாகப் போனபோது கண்டேன், வெள்ளைச் சேலை அக்காவின் கோணி ஊசி முனையெல்லாம் கறுப்பாக இருந்தது. அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். ஊசியை முந்தானையில் துடைத்துவிட்டுத் தையலைத் தொடர்ந்தாள். வெள்ளைச் சேலையில் அந்தக் கறை கடைசி வரைக்கும் போகவில்லை.

தை பிறந்து தோணிகள் இறங்கின. புதுத் தண்டல், புதுப் பாரம். முதலாளி வழக்கம்போல ஏற்றினார், வெட்டு தண்ணீருக்குள் போய்விட்டது. ஆட்கள் ஏறவில்லை. முன்பெல்லாம் பாரம் கூடுதலா என்றால் ஆளுக்கொரு பேச்சு இருக்கும். நீ பயந்தாங்கொள்ளி, உனக்குக் கண் சரியில்லை என்று சொல்லி அடக்கிவிடலாம். இப்போது பேச ஒன்றுமில்லை. வெட்டு தெரிகிறதா, தெரியவில்லையா, அவ்வளவுதான். புதுத் தண்டலும் இறங்கிக் கரைக்கு வந்துவிட்டார், அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே. மூட்டையை இறக்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் இன்னொரு தோணித் தண்டலின் பெண்சாதி ஓடாவி வீட்டு வாசலில் போய் நின்றாளாம், உளி வேண்டுமென்று. அப்புறம் இன்னொருத்தி. அவரவர் தோணிக்கு அவரவர் முழம். பங்குனிக்குள் எங்கள் துறையில் வெட்டு விழாத தோணி இல்லை. ஓடாவி, "நான் உளி தீட்டுற வேலைதான் பாக்குறேன்" என்று புலம்பினார், ஆனால் எவளுக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

ஆட்களெல்லாம் சேர்ந்து பழைய தண்டல் வேண்டுமென்று கேட்டதால் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். பெண்சாதி வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அண்ணி போனாள். கிட்டங்கி வாசலில் நிமிர்ந்து நின்று, "வந்திருக்கேங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பார்த்தார், அவள் பார்த்தாள். கடைசியில் அவரே, "சரி, சரி, போ" என்றார். என் தூரிகையும் திரும்பி வந்தது. அந்தத் துறையில் தோணிகள் ஓய்கிற வரைக்கும் அண்ணன் அதே தோணியில்தான் போய் வந்தான். எத்தனையோ வாடை, எத்தனையோ சுழல் பார்த்திருப்பான், எதையும் வீட்டில் சொல்ல மாட்டான். ஒரே ஒரு தடவை, நனைந்த வேட்டியோடு வந்து நின்று, அண்ணியைப் பார்த்து, "வெட்டு பொய் சொல்லலை" என்றான். வேறெதுவும் கேட்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டான்.

அவன் செத்தது கடலில் இல்லை. பல் எல்லாம் கொட்டி, காது மந்தமாகி, பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு, வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் செத்தான். அவனோடு தோணி நடத்திய தண்டல்களில் பலருக்கு அது கொடுத்து வைக்கவில்லை. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அண்ணி அழாமல் தலைமாட்டில் நின்றாள். பிறகு குனிந்து, அவன் நெற்றியில் கையை வைத்து, "கரையில வச்சே அனுப்பிட்டேன்" என்றாள். சுற்றி நின்ற சின்னஞ்சிறுசுகளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. தோணியைப் பிரித்து விறகுக்கு விற்றபோது வெட்டு விழுந்த துண்டை மட்டும் அண்ணி தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் போன பிறகு அது எனக்கு வந்தது.

மரம் வாங்குகிறவர் நேற்று மறுபடி வந்தார். கையில் இழைப்புளியோடு ஓர் ஆளையும் கூட்டி வந்திருந்தார், இங்கேயே இழைத்துப் பார்த்துவிடலாம் என்று. எனக்கு இந்தத் தடவை வாய் வந்தது. "தம்பி, அந்தத் தழும்பு இல்லைன்னா இது வெறும் விறகு. போய் வேற மரம் பாருங்க" என்றேன். அவர் விடவில்லை. அப்படி என்னம்மா இருக்கு இந்தத் தழும்புல என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, செய்து காட்டினேன். கதவுக்குப் பக்கத்தில் போய் முழங்கையை அந்த வெட்டில் ஊன்றிக் கையை நிமிர்த்தினேன். வயசாகிவிட்டது, விரல் முழுசாக நிமிரவில்லை. நிமிர்ந்தாலும் எட்டாது. விளிம்புக்குக் கீழே நாலு விரல் இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. "இந்த நாலு விரலைப் பாத்துக்கங்க" என்றேன். "எங்கண்ணன் இதுக்குள்ளதான் கெழவனானான்."